மூன்று மாதத்தில் மறைந்த புள்ளி

1980களில் இந்திய நரம்பியல் மருத்துவர்களை ஒரு வெள்ளைப் புள்ளி படாத பாடு படுத்தியது. வருகிற நோயாளி பெரும்பாலும் இளவயதுக்காரர். அதுவரை ஒரு தலைவலிக்குக்கூட ஆஸ்பத்திரிப் படி ஏறாதவர். திடீரென்று ஒரு நாள் ஒரு கை மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும். சிலருக்கு அது உடம்பு முழுவதும் பரவி நினைவு தப்பும். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிய பிறகு, மூளையின் மேற்பரப்பை ஒட்டிப் பளிச்சென்று ஒரு சிறு வளையம் அல்லது வட்டு. இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாது. அதைச் சுற்றிக் கருமையாக வீக்கம். வலிப்பு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் பல பேருக்கு அந்தப் புள்ளியைக் காணோம்.

இது என்ன? நம் நாட்டில் காசநோய்க்குப் பஞ்சமில்லை. மூளைக்குள் காசநோய்க் கட்டி வளர்வதும் இங்கே மருத்துவர்களுக்குப் பழகிய விஷயம். ஆகவே காசநோய்தான் என்று முடிவுகட்டி, மாதக்கணக்கில் அதற்கான மருந்துகளைக் கொடுத்தார்கள். புள்ளி மறைந்தது. மருந்து கேட்டுவிட்டது என்று நிம்மதி. ஆனால் காசநோய் மருந்தையே தொடாதவர்களுக்கும் அது மறைந்தது. வேறு சிலர், வலிப்பு வந்ததால் மூளையில் ஏற்பட்ட தற்காலிகத் தடம்தான் அந்த வெள்ளை என்றார்கள். புள்ளியால் வலிப்பா, வலிப்பால் புள்ளியா என்பதே விவாதமாயிற்று.

வழக்கு வேலூரில்தான் தீர்ந்தது. ஆனால் அப்படி ஒரு புள்ளி இருக்கிறது என்று உயிரோடிருக்கும் மனிதனின் தலைக்குள் பார்க்க முடிந்ததே அப்போது பத்துப் பதினைந்து ஆண்டுப் பழமைதான். அதற்கு முன் முக்கால் நூற்றாண்டு காலம் மருத்துவர்கள் மூளையைப் பார்க்கவில்லை. மூளை இல்லாத இடங்களைப் பார்த்து மூளையை ஊகித்தார்கள்.

காற்றை அடைத்துப் படம் பிடித்த காலம்

1895 நவம்பரில் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டபோது, உடம்புக்குள் எதையும் இனிப் பார்த்துவிடலாம் என்று உலகம் குதித்தது. கை எலும்பு தெரிந்தது, உள்ளே தங்கிய துப்பாக்கிக் குண்டு தெரிந்தது. மூளை தெரியவில்லை. எலும்புப் பெட்டிக்குள் இருப்பது எல்லாம் ஏறக்குறைய ஒரே அடர்த்தி: நல்ல மூளை, கெட்ட கட்டி, ரத்தம், நீர் எல்லாமே எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரே சாம்பல் பூச்சு.

வியன்னாவில் ஆர்தர் ஷூலர் அந்தப் பெட்டியின் சுவரைப் படிக்கக் கற்றுக்கொண்டார். 1912இல் தலை நோய்களின் எக்ஸ்ரே பற்றி முழுப் புத்தகமே எழுதினார். மண்டை ஓட்டில் எங்கே எலும்பு தேய்ந்திருக்கிறது, எங்கே சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தடயங்கள். பெரியவர்கள் பலருக்கு மூளையின் நட்டநடுவே உள்ள பீனியல் சுரப்பியில் சுண்ணாம்பு படிந்து எக்ஸ்ரேயில் சிறு வெள்ளைத் துளியாகத் தெரியும். அந்தத் துளி நடுக்கோட்டை விட்டு வலப்பக்கம் நகர்ந்திருந்தால், இடப்பக்கத்தில் ஏதோ ஒன்று அதைத் தள்ளுகிறது என்று பொருள். தள்ளுவது எது என்று மட்டும் தெரியாது.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி அடுத்த அடியை வைத்தார். மூளைக்குள் நீர் நிரம்பிய அறைகள் உண்டு. அந்த நீரை எடுத்துவிட்டுக் காற்றை அடைத்தால் அறை எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியுமே! 1918இல் மண்டையில் துளையிட்டு நேரடியாகக் காற்றை ஏற்றினார். மறு ஆண்டு முதுகுத்தண்டில் ஊசி போட்டு, அந்த வழியே காற்றை மேலே அனுப்பினார். அறையின் ஒரு மூலை நசுங்கியிருந்தால் அங்கே கட்டி. அறைகள் ஊதிப் பெருத்திருந்தால் எங்கோ நீரோட்டம் அடைபட்டிருக்கிறது.

பயனுள்ள முறைதான், ஆனால் நோயாளிக்கு நரகம். காற்றை மூலை முடுக்கெல்லாம் போகச் செய்ய அவரை நாற்காலியில் கட்டி முன்னும் பின்னும் புரட்டுவார்கள். தலை வெடிக்கும் வலி, வாந்தி. காற்று உடம்பில் கரைந்து போகும் வரை நாள்கணக்கில் வேதனை. லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் 1927இல் கழுத்து ரத்தக்குழாயில் அயோடின் கலந்த மருந்தை ஏற்றி மூளையின் ரத்தக்குழாய்களைப் படம் எடுத்துக் காட்டினார். குழாய் வளைந்திருந்தால், இடம் பெயர்ந்திருந்தால், அதை வைத்துக் கட்டியின் இடத்தைக் கணித்தார்கள். இந்த இரண்டு முறைகளும்தான் 1970 வரை உலகெங்கும் நரம்பியல் துறையின் கண்கள்.

அந்தக் காற்று ஊசியை மனதார வெறுத்தவர் லாஸ் ஏஞ்சலஸ் நரம்பியல் மருத்துவர் வில்லியம் ஓல்டண்டார்ஃப். உறைபனியில் உள்ளே காய்ந்துபோன ஆரஞ்சுப் பழங்களை உரிக்காமலே பிரித்தெடுக்க முடியுமா என்று ஒரு பொறியாளர் யோசித்துக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. பழத்துக்கு முடியுமென்றால் தலைக்கு ஏன் முடியாது? மகனின் பொம்மை ரயில் தண்டவாளத் துண்டு, ஆணிகள் என்று வீட்டில் கிடைத்ததை வைத்து ஒரு மாதிரியைச் செய்து 1961இல் வெளியிட்டார். எக்ஸ்ரே கருவி செய்யும் ஒரு நிறுவனம், தலையின் குறுக்குவெட்டைக் காட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத விலையுயர்ந்த யந்திரத்தை யார் வாங்குவார்கள் என்று பதில் எழுதிக் கைவிரித்தது.

கேப் டவுனில் பிறந்த ஒரு யோசனைக்கும் அதே கதிதான். அங்கே மருத்துவமனையில் பகுதிநேர இயற்பியலாளராக இருந்த ஆலன் கார்மக், பல கோணங்களில் எக்ஸ்ரே செலுத்தி உள்ளிருப்பதைக் கணக்கால் மீட்டெடுக்கும் வழியை 1963, 64இல் இரண்டு கட்டுரைகளாக எழுதினார். மருத்துவ உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. பிரதி கேட்டு எழுதிய சிலரில் சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையமும் ஒன்று. மலைமேல் பனி எவ்வளவு ஆழம் என்று அளக்க உதவுமா என்பது அவர்கள் ஆசை.

பாட்டுத்தட்டுக் கம்பெனியின் யந்திரம்

நாய் கிராமபோன் கேட்கும் எச்.எம்.வி. சின்னத்தைத் தமிழ் வீடுகள் நன்றாக அறியும். சினிமாப் பாட்டுத்தட்டுகளை விற்ற அந்தப் பெயரின் தாய்க் கம்பெனி இங்கிலாந்தின் இ.எம்.ஐ. அதன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர், போர்க்காலத்தில் விமானப்படையில் ரேடார் கற்றவர். ஒரு பெட்டியை எல்லாப் பக்கத்திலிருந்தும் அளந்தால் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்ல முடியும் என்று அவர் நம்பினார். கார்மக்கின் கட்டுரைகள் அவருக்குத் தெரியாது.

பீட்டில்ஸ் பாட்டு ஈட்டிய பணத்தில்தான் சி.டி. ஸ்கேன் பிறந்தது என்ற கதை இன்றும் உலாவுகிறது. உண்மையில் செலவில் பெரும்பங்கைத் தந்தது பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறை. முதல் சோதனை ஒரு பழைய கடைசல் யந்திரத்தின் மேல் நடந்தது. ஒரு வெட்டுப் படத்துக்கான அளவுகளை எடுக்க 9 நாட்கள். அவற்றைக் கணக்கிடக் கம்ப்யூட்டருக்கு இரண்டரை மணி நேரம். முதலில் பயன்படுத்திய காமா கதிருக்குப் பதிலாக எக்ஸ்ரே குழாய் வந்ததும் 9 நாள் 9 மணி நேரமாயிற்று. கசாப்புக் கூடத்திலிருந்து வாங்கி வந்த காளை மூளைகளைப் படம் எடுத்துப் பழகினார் ஹவுன்ஸ்ஃபீல்ட். அவருக்குத் துணை நின்றவர் லண்டனின் விம்பிள்டன் பகுதியில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையின் ரேடியாலஜிஸ்ட் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ்.

1971 அக்டோபர் 1, வெள்ளிக்கிழமை. அந்த மருத்துவமனையில் முதல் நோயாளி யந்திரத்தில் தலையை வைத்தார். நாற்பது வயதைத் தாண்டிய பெண். மூளையின் முன்பகுதியில் கட்டி என்று சந்தேகம். தண்ணீர்ப் பெட்டிக்குள் நீளும் ரப்பர் தொப்பிக்குள் தலை. எக்ஸ்ரே குழாய் பக்கவாட்டில் ஒருமுறை ஓடி 160 அளவுகள் எடுக்கும். பிறகு ஒரு டிகிரி திரும்பி மறுபடி ஓடும். இப்படி 180 முறை. ஆக 28,800 அளவுகள். படம் உடனே வரவில்லை. அளவுகள் பதிந்த காந்த நாடாவை லண்டனின் மறுபக்கம் இருந்த இ.எம்.ஐ. கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போனார்கள். திரும்பி வந்தது 80க்கு 80 கட்டங்கள் கொண்ட, சதுரம் சதுரமாகத் தெரிகிற கரடுமுரடான படம். அதில் வட்டமாகக் கட்டி நின்றது. அறுவை செய்தவர், படத்தில் இருந்தபடியேதான் உள்ளேயும் இருந்தது என்று சொன்னார்.

1972 ஏப்ரலில் லண்டன் மாநாட்டில் செய்தி வெளியானது. அதன் பிறகு காற்று ஊசியும் புரட்டும் நாற்காலியும் மெல்ல மெல்ல மூலைக்குப் போயின. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வெள்ளையும் கறுப்பும் வயதும்

யந்திரம் படம் தரவில்லை, எண்கள் தந்தது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, கெட்டி எலும்புக்கு +1000 என்று வைத்த அந்த அளவுகோலுக்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் பெயரே நிலைத்தது. மூளையின் வெண்பகுதி 25, 30 பக்கம். சாம்பல் பகுதி 35, 40 பக்கம். உறைந்த புது ரத்தம் 60, 80 வரை. இத்தனை பெரிய அளவுகோலில் மூளையின் வாழ்வும் சாவும் ஐம்பது அறுபது எண்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே திரையில் 0 முதல் 80 வரையுள்ள பகுதியை மட்டும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை இழுத்து விரித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஒரே தலையை எலும்புக்கு ஒரு 'ஜன்னல்', மூளைக்கு ஒரு 'ஜன்னல்' என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள்.

பக்கவாதத்தில் இதன் பலன் உடனே தெரிந்தது. குழாய் அடைத்தாலும் கை கால் விழும், குழாய் வெடித்தாலும் விழும். அதற்கு முன் மருத்துவர்கள் தலைவலி, வாந்தி, மயக்கம் ஆகியவற்றை வைத்து இன்னதுதான் என்று ஊகித்தார்கள். ஊகம் அடிக்கடி தவறியது. சி.டி.யில் புது ரத்தம் வெள்ளை வெளேரென்று தெரியும். அடைப்போ முதல் சில மணி நேரம் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். மூளை நன்றாக இருப்பதுபோலவே படம் வரும். 1995இல் அமெரிக்க ஆய்வு ஒன்று, அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று காட்டியது. அன்றிலிருந்து அந்த ஒன்றும் தெரியாத படத்துக்கு மதிப்பு கூடியது. ரத்தக்கசிவு இருக்கிறவருக்கு அந்த ஊசி எமன் என்பதால், 'வெள்ளை இல்லை' என்ற ஒரு வரிக்காகவே டாக்டர் காத்திருக்கிறார்.

வெள்ளை என்றால் ரத்தம் என்று மனப்பாடம் செய்தவர்களை ரத்தமே ஏமாற்றியது. குளியலறையில் வழுக்கி விழுந்த தாத்தாவுக்கு மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் மெதுவாகச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாட்களில் அது வெள்ளை. நாட்பட நாட்பட அது கரைந்து, இரண்டு மூன்று வாரத்தில் மூளையின் அதே சாம்பல் நிறத்துக்கு இறங்குகிறது. பிறகு இன்னும் கறுக்கிறது. நடுவில் அந்தச் சாம்பல் கட்டத்தில் ஸ்கேன் எடுத்தால் ரத்தம் மூளையோடு மூளையாக ஒளிந்துகொள்ளும். ஒரு பக்கம் மட்டும் என்றால் மூளை தள்ளப்பட்டிருப்பதை வைத்துப் பிடித்துவிடலாம். ஷூலரின் பீனியல் துளி இங்கே மறுபடி உதவுகிறது. இரண்டு பக்கமும் சமமாகச் சேர்ந்திருந்தால் தள்ளலும் இல்லை. எண்பது வயதுக்காரருக்கு மூளை சுருங்கி மடிப்புகள் அகன்றிருக்க வேண்டும். அவருடைய படத்தில் இருபது வயதுக்காரரின் மூளைபோல எல்லாம் நெருக்கமாக நிறைந்திருந்தால், அந்த இளமைதான் தடயம்.

எம்.ஆர்.ஐ. வந்தபோது இந்தப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. அங்கே எக்ஸ்ரே இல்லை; காந்தப் புலத்தில் நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் ரேடியோ சைகைதான் படம். 1946இல் பிளாக், பர்செல் இருவரும் தனித்தனியே கண்ட அணுக்கரு காந்த ஒத்ததிர்வை, 1973இல் பால் லாட்டர்பர் இரண்டு நீர்க்குழாய்களின் படமாக்கிக் காட்டினார். நாட்டிங்ஹாமில் பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் அதை விரைவுபடுத்தினார். 2003இல் இருவருக்கும் நோபல். முதலில் பெயர் என்.எம்.ஆர். அதிலிருந்த 'நியூக்ளியர்' என்ற சொல் அணுகுண்டை நினைவூட்டி நோயாளிகளைப் பயமுறுத்தவே, மருத்துவமனைகள் எம்.ஆர்.ஐ. என்று மாற்றிக்கொண்டன.

அது என்ன காட்டும் என்பதற்கு முதல் பெரிய சான்று 1981இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையிலிருந்து வந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு உறை சிதையும் நோய் உள்ள 10 பேரைப் படம் எடுத்தார்கள். சி.டி. 19 சிதைவுகளைக் காட்டியது. எம்.ஆர்.ஐ. அவற்றுக்கு மேல் 112 காட்டியது. அதே குழுதான் பிற்பாடு, மூளை நீரின் வெளிச்சத்தை மட்டும் அணைத்துவிட்டு அதன் ஓரத்தில் ஒளிந்திருக்கும் நோயைக் காட்டும் 'ஃப்ளேர்' முறையையும் தந்தது. பாரிஸில் டெனி லெ பியான் 1980களின் நடுவில் நீர் மூலக்கூறுகளின் அசைவையே படமாக்கினார். 1990இல் கலிஃபோர்னியாவில் மைக்கேல் மோஸ்லியின் குழு, பூனைகளின் மூளைக் குழாயை அடைத்த 45 நிமிடத்துக்குள் அந்தப் படத்தில் பாதிப்பு தெரிவதைக் காட்டியது. சி.டி. மணிக்கணக்கில் மௌனமாக இருக்கும் இடத்தில் இது பேசியது.

கூலியாளும் சிப்பாயும் வேலூரும்

இனி அந்த வெள்ளைப் புள்ளிக்கு வரலாம். அதற்கான துப்பு பழைய பதிவுகளில் ஏற்கெனவே இருந்தது.

இந்தியாவில் மூளைக்குள் நாடாப்புழுவின் லார்வா பற்றிய முதல் பதிவு 1888இல். வலிப்பு வந்து இறந்த மதராஸ் கூலித்தொழிலாளி ஒருவரின் உடலைத் திறந்துதான் அதைப் பார்த்தார்கள். 1912இல் கிருஷ்ணசாமி என்ற மருத்துவர், தசையிலும் இதயத்திலும் மூளையிலும் லார்வாக்கள் நிறைந்த உடல்களைப் பற்றி எழுதினார். 1930களில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் மெக்ஆர்தர், வலிப்பு வந்த சிப்பாய்கள் பலர் இந்தியாவில் பணியாற்றித் திரும்பியவர்கள் என்பதைக் கவனித்தார். மூளையைப் பார்க்க வழியில்லை. ஆனால் தொடையை எக்ஸ்ரே எடுக்கலாமே! செத்துச் சுண்ணாம்பான லார்வாக்கள் அரிசி மணிபோலத் தசைகளில் தெரிந்தன. தொடையைப் பார்த்துத் தலையைப் படித்தார்கள். 1961இல் டிக்ஸன், லிப்ஸ்கூம் இருவரும் இத்தகைய 450 பேரின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டார்கள்.

இவ்வளவு தெரிந்தும், 1980களில் புழு என்ற எண்ணம் பலருக்கு வரவில்லை. பழைய பதிவுகளில் லார்வாக்கள் கூட்டமாக இருந்தன. தோலுக்கடியில் கட்டிகள் இருந்தன. ஸ்கேனில் தெரிந்ததோ ஒற்றைப் புள்ளி. நோயாளியின் உடம்பில் வேறெங்கும் ஒன்றும் இல்லை. போதாததற்கு, பலர் சைவம்.

1949இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அங்கே மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலானோர் விவாதத்தை நிறுத்திவிட்டுப் புள்ளியையே வெளியே எடுத்துப் பார்த்தார்கள். சி.டி. படத்தையே வழிகாட்டியாகக் கொண்டு, சிறிய அந்தப் பொருளைத் துல்லியமாகத் தொட்டெடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தார்கள். லார்வாவும் அதைச் சுற்றி உடம்பு எழுப்பிய அழற்சியும் தெரிந்தன. 1989இல் 'லான்செட்' இதழில் வந்தது அவர்களின் அறிக்கை: இந்திய வலிப்பு நோயாளிகளின் ஒற்றைச் சிறு புள்ளிக்குக் காரணம் நாடாப்புழு.

மறைவதன் ரகசியமும் அதோடு விளங்கியது. உயிருள்ள லார்வா மூளைக்குள் சத்தமில்லாமல் வருடக்கணக்கில் குடியிருக்கும். உடம்பின் காவல் அதைக் கண்டுகொள்ளாது. அது சாகத் தொடங்கும்போதுதான் காவல் விழித்துச் சூழ்கிறது. அந்த அழற்சிதான் கான்ட்ராஸ்ட் மருந்தில் ஒளிரும் வளையம். அதுவே வலிப்பைத் தூண்டுகிறது. பிறகு உடம்பே பிணத்தைக் கரைத்துவிடும், அல்லது சுண்ணாம்புத் துளியாக்கிவிடும். காசநோய் மருந்து சாப்பிட்டவரும் சாப்பிடாதவரும் ஒரே மாதிரி குணமானதற்குக் காரணம் இதுதான்.

எல்லாருடைய தலையையும் திறந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ராஜசேகரும் மேத்யூ சாண்டியும் படத்தைப் படிப்பதற்கு விதிகள் வகுத்தார்கள். ஒரே புள்ளி, 20 மில்லிமீட்டருக்குள், மூளையின் நடுக்கோட்டைத் தள்ளக்கூடாது, நோயாளிக்குத் தலைக்குள் அழுத்தம் ஏறிய அறிகுறியோ, நாளுக்கு நாள் மோசமாகும் பலவீனமோ இருக்கக்கூடாது. இவை பொருந்தினால் புழு என்று வைத்துக்கொண்டு, காத்திருந்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம். வளர்ந்தால் மட்டும் கத்தி. 1997இல் அந்த விதிகளை நோயாளிகளிடம் சரிபார்த்தும் வெளியிட்டார்கள். எத்தனையோ இளைஞர்கள் தேவையில்லாத காசநோய் மருந்திலிருந்தும் அறுவையிலிருந்தும் தப்பினார்கள். நல்ல எம்.ஆர்.ஐ. படத்தில் சில சமயம் வளையத்துக்குள் ஒரு சிறு பொட்டுகூடத் தெரிகிறது. அது லார்வாவின் தலை. அது தெரிந்துவிட்டால் விதிகளும் தேவையில்லை.

சைவக்காரருக்கு எப்படி என்ற கேள்விக்கு ஸ்கேனில் பதில் இல்லை. சரியாக வேகாத பன்றிக்கறி தின்றவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அவருடைய மலத்தோடு வெளியேறும் முட்டைகள் கழுவாத கீரையிலோ கழுவாத கையிலோ ஒட்டி வேறொருவர் வயிற்றுக்குப் போனால் லார்வா அவர் மூளைக்கு ஏறும். நியூயார்க்கில் பன்றிக்கறியைக் கண்ணாலும் பார்க்காத வைதிக யூதர்கள் நான்கு குடும்பங்களில் சிலருக்கு வலிப்பு வந்து, மூளைப் படங்களில் அதே சிதைவுகள் தெரிந்தன. 1992இல் வெளியான அந்த ஆய்வில் மருத்துவர்கள் ஃபிலிமைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் சமைப்பது யார் என்று விசாரித்தார்கள். வேலைக்கு வந்தவர்கள் லத்தீன் அமெரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவரின் குடலில் நாடாப்புழு இருந்தது.